ஏப்ரனோடு மைக் முன்னால்

போன வருஷம் நடந்தது. செந்துறைப் பக்கம் ஒரு கிராமத்து அரசுப் பள்ளியில் காலை உணவு சமைக்கிறேன். என் மகளும் அங்கேதான் ஐந்தாம் வகுப்பு படித்தாள். "ஸ்கூல்ல என்னைக் கூப்பிடாதம்மா, எல்லாரும் கிண்டல் பண்றாளுங்க" என்று சொல்லியிருந்தாள். அம்மா ஏப்ரனும் தொப்பியுமாக உப்புமா கிண்டுவது அவளுக்கு வெட்கம். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. என்ன செய்ய, கூப்பிடுவதை விட்டுவிட்டேன்.

தினமும் பிள்ளைகள் சாப்பிட்டதும் பிரேயர். யாராவது ஒரு பிள்ளை மைக்கில் ஓர் ஆங்கிலச் சொல், அதன் அர்த்தம், ஒரு வாக்கியம் என்று படிக்கும். பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்பேன். அந்தச் சொல்லை வைத்து எனக்குள்ளேயே நானும் ஒரு வாக்கியம் போட்டுப் பார்ப்பேன்.

அன்று சொல்லாமல் கொள்ளாமல் ஓர் அதிகாரி வந்துவிட்டார். அன்றைய சொல் 'டியர்லி'. மிகுந்த அன்போடு என்றும் அர்த்தம், பெரிய விலை கொடுத்து என்றும் அர்த்தம். "ஐ லவ் மை மதர் டியர்லி" என்று சீட்டைப் பார்த்து ஒருவன் ஒப்பித்தான். அதிகாரி விடவில்லை.

"ரெண்டாவது அர்த்தத்துக்கு யாராவது ஒரு வாக்கியம் சொல்லுங்க."

சீட்டில் இருப்பதை மட்டும் மனப்பாடம் செய்யும் பிள்ளைகள் பேந்தப் பேந்த விழித்தன. தலைமையாசிரியைக்கு முகம் வெளுத்துவிட்டது.

"நான் சொல்லட்டுங்களா சார்?"

கேட்டது நான்தான், கையில் சோப்பு நுரையோடு. பிள்ளைகள் சிரித்தன. என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அதிகாரி மைக்கைக் காட்டினார். உளறிக் கொட்டினால் இனி இவள் பள்ளிக்கூடத்தில் தலை நிமிரவே மாட்டாளே என்று பயந்துகொண்டே மைக் முன்னால் போய் நின்றேன்.

"ஐ ஸ்டாப்ட் ஸ்கூல் ஆஃப்டர் டென்த். ஐ பெய்ட் டியர்லி."

பத்தாவது பாஸான கையோடு பருத்தி எடுக்கப் போனவள் நான். படிப்பை விட்டதற்கு எவ்வளவு பெரிய விலை கொடுத்தேன் என்று எனக்குத்தானே தெரியும்!

"எங்கேம்மா கத்துக்கிட்டீங்க?" என்றார் அதிகாரி.

"இங்கதாங்க சார். பாத்திரம் கழுவுறப்ப காதுல வுழும்."

தலைமையாசிரியை கைதட்டினார். பள்ளியே தட்டியது. அந்தச் சத்தத்தையும் மீறி ஐந்தாம் வகுப்பு வரிசையிலிருந்து என் மகளின் குரல் கேட்டது.

"எங்கம்மாடி அது!"

சொன்னால் சிரிப்பீர்கள், பெருமையில் அன்று பாதிப் பாத்திரத்தைத் தேய்க்கவே மறந்துவிட்டேன். விட்ட படிப்பு விட்டதுதான். ஆனால் என் மகள் ஊரறிய என்னைத் தன் அம்மா என்று சொன்ன அந்த நிமிஷத்துக்குப் பிறகு, யார் முன்னாலும் நான் தலை குனிந்ததில்லை.