அடிவாரத்தில் காத்திருந்த தம்பி

2007-ம் வருடம், மாசி மாதம். கொல்லிமலையில் குண்டனி நாட்டுப் பக்கம் எங்கள் ஊர். நாலைந்து ஊர் சேர்ந்ததை எங்கள் மலையில் நாடு என்போம். மிளகு பறித்துக் காய வைத்து மூட்டை கட்டி வைத்திருந்த நேரம். என் வீட்டுக்காரர் அப்போது போர்வெல் லாரியில் வேலைக்குப் போய், வடக்கே சத்தீஸ்கர் பக்கம் இருந்தார். ரிக் வண்டி என்போம் அதை. எங்கள் மலையிலிருந்தும் அடிவாரத்து ஊர்களிலிருந்தும் அந்த வேலைக்கு ஆள் போகாத குடும்பம் குறைவு. போனால் லேசில் திரும்ப மாட்டார்கள். ஒரு பொங்கலுக்குப் போனவர் அடுத்த பொங்கலுக்கு வந்தால் உண்டு.

அவரிடம் போன் கிடையாது. வண்டி ஏதாவது டவுனைத் தாண்டும்போது பூத்திலிருந்து பேசுவார். காட்டுக்குள் போய்விட்டால் சத்தமே இருக்காது. எங்களிடம் ஒரு செல்போன் இருந்தது. ஆனால் வீட்டுக்குள் சிக்னல் எடுக்காது. மேலே மரவள்ளிக் காட்டு ஓரத்தில் ஒரு பலா மரம் உண்டு, அதன் அடியில் மட்டும் எடுக்கும். அதனால் போனை ஒரு மஞ்சப்பையில் போட்டு அந்தக் கிளையிலேயே தொங்க விட்டிருப்போம். மணி அடித்தால் யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள் ஓடிப் போய் எடுப்பார்கள். சிரிக்காதீர்கள், அன்றைக்கு எங்கள் மலையில் பாதிப் போன்கள் இப்படி மரத்தில்தான் காய்த்துக்கொண்டிருந்தன.

இன்னொரு சங்கதியையும் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம் போனை எடுத்து "யாருங்க?" என்று கேட்டுவிட்டால் போச்சு. அது வாசலுக்கு வந்த சொந்தக்காரன் முகத்தில் கதவைச் சாத்துகிற மாதிரி. குரலைக் கேட்டதும் இன்னார் என்று நாமே சொல்ல வேண்டும். நான் ஒருதரம் என் சித்தப்பாவிடம் தெரியாமல் கேட்டுவிட்டேன். "என்னையே ஆருன்னு கேக்கற அளவுக்குப் பெரிய மனுசி ஆயிட்டியா கண்ணு" என்று போனை வைத்தவர், அந்த வருஷம் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்குக்கூட எங்கள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அவரைச் சமாதானப்படுத்துவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அதிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோருமே எந்தப் போன் வந்தாலும், "ஆரு, மாமனா? பெரியவனா?" என்று குத்துமதிப்பாக ஒரு உறவைச் சொல்லித்தான் ஆரம்பிப்போம்.

அன்றைக்கு நான் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. ஓடிப் போய் எடுத்தால், அந்தப் பக்கம் ஒரு பையன் தேம்பிக்கொண்டிருந்தான்.

"அக்கா, நானுங்க. மாமா கூட ரிக்குல இருக்கற எடப்புளி நாட்டுப் பையன். பயந்துராதீங்கக்கா. மாமா மேல பைப்பு சரிஞ்சு உழுந்துருச்சுங்க."

கையிலிருந்த களைக்கொத்து எங்கே விழுந்தது என்று தெரியாது. உயிர் இருக்கிறதா என்று நான் கேட்பதற்குள் அவனே சொன்னான்.

"உசுருக்கு ஒன்னுமில்லீங்கக்கா. காலு தான் நசுங்கிருச்சு. சத்தீஸ்கர்ல பாக்க வசதி இல்லீன்னு ரயில்ல தூக்கிட்டு வந்து சேலத்துல சேத்துருக்கோம். நாளைக்குள்ள ஆப்பரேசன் பண்ணலீன்னா காலை எடுத்துருவாங்களாம்."

"அவருகிட்டக் குடு சாமி, ஒரு வார்த்தை பேசறேன்."

"மயக்கத்துல இருக்கறாருங்கக்கா. உள்ள ஆரையும் உட மாட்டீங்கறாங்க."

சத்தம் கேட்டு மாமனார் ஓடி வந்தார். போனை அவரிடம் கொடுத்துவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். ஓனருக்குப் போன் போட்டுப் பேசட்டுமா என்று மாமனார் கேட்டார். ஐயையோ வேண்டாங்க என்று அவன் பதறினான். கேஸ் ஆகிவிடும் என்று பயந்து, அப்படி ஒரு ஆளே என் வண்டியில் இல்லை என்று ஓனர் சொல்லிவிடுவாராம், ஆஸ்பத்திரியிலிருந்தும் வெளியே அனுப்பிவிடுவார்களாம். மாமனாருக்கு அது நியாயமாகத்தான் பட்டது. "காசுக்கு எங்கப்பா போறது? மிளகு மூட்டை தான் கெடக்குது, சந்தைக்கு இன்னும் நாளிருக்குதே" என்று புலம்பினார். அதற்கும் அவனிடம் வழி இருந்தது. முள்ளுக்குறிச்சியில் அவனுக்குத் தெரிந்த வியாபாரி இருக்கிறாராம். மூட்டையை மலையடிவாரத்துக் காரவள்ளிக்குக் கொண்டுவந்தால் போதும், அவனே வாங்கிப் போய் உடனே விற்று ஆஸ்பத்திரியில் கட்டிவிடுவானாம். நாங்கள் பின்னாலேயே பஸ்ஸில் சேலம் வந்துவிடலாமாம். அக்காவிடம் நகை ஏதாவது இருந்தால் அதையும் கொண்டுவரச் சொன்னான்.

அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரியவில்லை. என் அத்தை, அதாவது மாமியார், காதுத் தோட்டைக் கழற்றி என் மடியில் போட்டுவிட்டு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டார். ஒற்றைக் காலோடு என் வீட்டுக்காரர் இந்த மலையில் எப்படி ஏறி இறங்குவார், மிளகுக் கொடிக்கு ஏணி சாத்தி எப்படி ஏறுவார் என்றே என் புத்தி சுற்றிச் சுற்றி வந்தது. அழுகைகூட வரவில்லை. நடுவில் அந்தப் பையன் இரண்டு முறை கூப்பிட்டு, "சாப்பிட்டீங்களாக்கா? நீங்க தைரியமா இருந்தாத்தான் மாமா எந்திரிப்பாரு" என்றான். பெற்ற தாய்கூட அப்படிக் கேட்டிருக்க மாட்டாள். நீ நல்லா இருப்ப சாமி என்று மனசார வாழ்த்தினேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் நானும் என் கொழுந்தனாரும் கிளம்பினோம். மிளகு மூட்டையைப் பின் சீட்டுக்கு அடியில் தள்ளியாயிற்று. என் சங்கிலியும் அத்தையின் தோடும் என் இடுப்பில் துணியில் முடிந்திருந்தன. வழியில் பேச வேண்டும் என்று பையன் சொல்லியிருந்ததால், போனையும் மரத்திலிருந்து எடுத்துக் கையோடு கொண்டுவந்துவிட்டேன்.

கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் உருண்டு இறங்குகிறது. பாதி மலை தாண்டினால் அடிவாரத்து டவர் கிடைத்துவிடும். கிடைத்ததும் போன் அடித்தது. அந்தப் பையன்தான் என்று எடுத்தேன்.

"சொல்லு சாமி, பாதி எறங்கிட்டோம். அவருக்கு முழிப்பு வந்துருச்சா?"

"ஆருக்கு முழிப்பு? ஏம்புள்ள, அரைமணி நேரமாப் போட்டுட்டே இருக்கறேன், எங்க போய்த் தொலைஞ்சீங்க எல்லாரும்?"

என் வீட்டுக்காரர் குரல்! எனக்கு முதலில் ஓடிய நினைப்பு, செத்துப் போய்ப் பேசுகிறாரோ என்பதுதான். சாமி சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். முன்சீட்டுக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"உங்க காலு?" என்றேன்.

"காலுக்கு என்ன?"

"ரெண்டும் இருக்குதுங்களா?"

"இல்லாம? ஏம்புள்ள, காச்சலா உனக்கு? டீசல் போட வண்டிய நிறுத்திருக்குது. பூரி தின்னுட்டு ஊட்டுக்கு ஒரு போன் போடலாமேன்னு வந்தா, காலு இருக்குதான்னு கேக்கற!"

அப்போதுதான் வந்தது பாருங்கள் அழுகை! ஓவென்று நான் போட்ட சத்தத்தில் டிரைவர் வளைவிலேயே பிரேக் போட்டுவிட்டார். சாவுச் செய்தி என்று நினைத்துப் பக்கத்துச் சீட்டுப் பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்கள். கொழுந்தனார் போனைப் பிடுங்கிப் பேசினார். எடப்புளி நாட்டுப் பையன் அங்கே தன் பக்கத்திலேயே நின்று பூரி தின்கிறான் என்று அவர் அண்ணன் சொல்லியிருக்கிறார். அந்தப் பையனிடமும் போனைக் கொடுத்தார், நானும் வாங்கிக் கேட்டேன். தொண்டை கட்டிய கரகரத்த குரல். முந்தின நாள் என்னோடு அழுதவன் குரலுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

அப்படியென்றால் கீழே காத்திருப்பது யார்? மீதி வளைவுகளை எப்படி இறங்கினோம் என்றே தெரியாது. காரவள்ளி வரப்போகும்போது மறுபடியும் போன். "அக்கா, பஸ்ஸு தெரியுதுங்க. டீக்கடை முன்னால வெள்ளைச் சட்டையில நிக்கறேன், பதறாம எறங்குங்க."

கொழுந்தனார் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். அவரைக் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு நான்தான் முதலில் இறங்கினேன். எனக்கு அவன் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

திருடன் மாதிரி இருப்பான் என்று நினைத்துத்தான் போனேன். அங்கே நின்றவன் நெற்றியில் திருநீறு வைத்து, படியத் தலை சீவி, பெண் கேட்டு வந்தால் நம்பிக் கொடுக்கிற மாதிரி இருந்தான். என்னைப் பார்த்ததும் கண் கலங்கியது. பொய்யாகக் கலங்கியதா என்றால், இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கையில் ஒரு பையில் சாத்துக்குடி வைத்திருந்தான். "வெறும் வயிறா வந்திருப்பீங்க, மொதல்ல இதைத் தின்னுங்கக்கா" என்று நீட்டினான்.

நான் கையை நீட்டாமல் கேட்டுவிட்டேன்.

"ஏந்தம்பி, நீ ஆரு?"

"என்னக்கா இப்படிக் கேக்கறீங்க? நாந்தானுங்க."

"நாந்தான்னா ஆரு? உன்ற பேரச் சொல்லு. உங்கப்பன் பேரச் சொல்லு."

வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. எடப்புளி நாட்டுப் பையன் என்ற ஒன்றைத் தவிர அவனிடம் வேறு எதுவும் இல்லை. அதற்குள் கொழுந்தனார் பஸ்ஸிலிருந்து குதித்து வந்தார். அவ்வளவுதான். டீக்கடைக்குப் பின்னால் ஒருவன் பைக்கைத் தயாராக ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறான் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. இரண்டு பேரும் புழுதி கிளப்பிக்கொண்டு பறந்துவிட்டார்கள். சாத்துக்குடி ரோடெல்லாம் உருண்டது. போலீசில் போய்ச் சொன்னோம். அவர்கள் கேட்டுக்கொண்டதோடு சரி. யார், எந்த ஊர், எங்கள் நம்பர் எப்படிக் கிடைத்தது, எதுவும் கடைசிவரை தெரியவில்லை.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி மலைக்குத் திரும்பிய பிறகுதான் வந்தது. வீட்டுக்காரர் ரிக் வண்டியில் இருப்பது, கூட இருக்கும் பையன் எடப்புளி நாடு, வண்டி நிற்பது சத்தீஸ்கர், இதெல்லாம் அவனுக்கு எப்படித் தெரியும்? யாரோ நம் சொந்தக்காரன்தான் சொல்லியிருக்கிறான் என்று கொழுந்தனார் குதித்தார். யார் யார் மேலோ சந்தேகப்பட்டோம். அப்போதுதான் அத்தை, முந்தாநாள் பலா மரத்துக்கு ஒரு போன் வந்ததைச் சொன்னார்.

என்ன பேசினீர்கள் என்று ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டேன். போனை எடுத்ததும் அத்தை, "ஆரு, பெரியவனா?" என்று கேட்டிருக்கிறார். பெரியவன் என்றால் என் வீட்டுக்காரர். இல்லீங்கம்மா என்றிருக்கிறான். "அப்ப அவங்கூட ரிக்குல போன எடப்புளி நாட்டுப் பையனா?" ஆமாங்கம்மா. "வண்டி இன்னும் சத்தீஸ்கர்லதான் நிக்குதா?" ஆமாங்கம்மா. "மருமவ இப்ப இங்க இல்ல, நாளைக்குக் கூப்புடு சாமி." சரீங்கம்மா.

மாமனார் மெல்ல, "மிளகு கெடக்குதுன்னு நாந்தான் சொன்னேன்" என்றார். எந்தப் பஸ்ஸில் வருகிறோம், யார் கூட வருகிறார் என்பதை நான் சொல்லியிருந்தேன். அத்தனையும் எங்கள் வாயிலிருந்து போனது. அவன் செய்ததெல்லாம் ஆமாங்க என்றது மட்டும்தான். அத்தை தலையில் அடித்துக்கொண்டு, "ஊட்டையே தூக்கி அவங்கையில குடுத்துட்டனே" என்று அழுதார். அவரைத் தேற்றக்கூட எங்களுக்குத் தெம்பு இல்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ பார்த்தாயிற்று. பரிசு விழுந்திருக்கிறது என்று மெசேஜ் வந்தது. கார்டு நம்பரைச் சொல்லுங்கள் என்று இல்லாத பேங்க் மேனேஜர் பேசினார். எவன் எதைச் சொன்னாலும் போனை வைத்துவிட்டு, சம்பந்தப்பட்டவரிடம் நானே கூப்பிட்டுக் கேட்காமல் ஒரு அடி எடுத்து வைப்பதில்லை. அவசரம் என்கிறவனிடமும், யாரிடமும் சொல்லாதே என்கிறவனிடமும் எனக்குப் பேச்சே கிடையாது. யார் கூப்பிட்டாலும் முதலில் பேரைச் சொல்லச் சொல்வேன். சித்தப்பா மறுபடியும் கோபித்துக்கொண்டார். திமிர் பிடித்தவள் என்று சொந்தத்தில் பேர் வாங்கியாயிற்று, வாங்கிவிட்டுப் போகிறேன்.

ஆனாலும் ஒன்று மட்டும் மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. அன்றைக்கு மட்டும் அந்த வண்டி டீசல் போட நிற்காமல் போயிருந்தால், நான் அவன் கையால் சாத்துக்குடி வாங்கித் தின்றுவிட்டு, மூட்டையையும் நகையையும் கொடுத்து, அவனைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் சேலம் பஸ் ஏறியிருப்பேன்.