பெட்ரோல் தீரும் வரை

மாதத்துக்கு இரண்டு முறை எங்கள் அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழே புல் வெட்ட வருகிறார்கள். நான் இருப்பது ஆறாவது மாடி. காலை எட்டரைக்கெல்லாம் புல் வெட்டும் இயந்திரத்தின் கயிற்றை யாரோ இழுக்கும் சத்தம் கேட்கும். ஒன்று, இரண்டு, மூன்று. கிளம்பவில்லையென்றால், ஊரிலிருந்து வேலைக்கு வந்த அந்தத் தம்பி அதைத் திட்டுவதும் மேலே வரை கேட்கும். கிளம்பிவிட்டால், வெட்டிய புல்லின் வாசனையோடு பெட்ரோல் புகையும் ஏறி வரும். பக்கத்து வீட்டுச் சீன அம்மா கதவைச் சாத்திக்கொள்வார். நான் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பேன். இந்த வயதில் பெட்ரோல் புகையை மோந்துகொண்டு நிற்கிறவனை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்கிறாள் என் மகள். அவள் இருப்பது பொங்கோலில், தீவின் இன்னொரு கோடியில். கூட்டிப் போய்க் காட்ட அவளுக்கும் நேரம் வேண்டுமே.

அந்தப் புகை என்னை எங்கே கொண்டுபோய் விடும் என்று அவளுக்குத் தெரியாது. வெகுதூரம் ஒன்றுமில்லை. இதே புக்கிட் பாத்தோக்தான். இந்த அடுக்கு வீடுகள் வருவதற்கு முன்பு இங்கே கல் குவாரி இருந்தது. வெடி வைத்து மலையை உடைப்பார்கள். உடைந்த கல்லைத் தள்ளிக் குவிக்க ஒரு பழைய புல்டோசர் இருந்தது. சங்கிலிப் பட்டையில் ஊர்ந்து போகிற வண்டி. என்னைவிட அதற்கு வயது அதிகம். அதற்கு நான் மெக்கானிக். மெக்கானிக் என்று சொல்லிக்கொண்டேன் என்பதுதான் சரி. வேலையில் இன்னும் நிரந்தரமாகவில்லை.

இப்போது எந்த வண்டியானாலும் பொத்தானை அழுத்தினால் போதும். அந்த வண்டியின் டீசல் எஞ்சின் அப்படிச் சுலபத்தில் மசிகிற ஆள் இல்லை. அதை எழுப்புவதற்கென்றே பக்கத்தில் ஒரு சின்னப் பெட்ரோல் எஞ்சின் உட்கார்ந்திருக்கும். நாங்கள் அதைக் குட்டி என்போம். கயிற்றைச் சுற்றி இழுத்தால் குட்டி ஓடத் தொடங்கும். கொஞ்ச நேரம் ஓடிச் சூடானதும் லீவரைத் தள்ளினால், அது பெரிய எஞ்சினைப் பிடித்துச் சுற்றும். பெரியது ஒரு குமுறு குமுறிக் கரும்புகையைக் கக்கிவிட்டு எழுந்துகொள்ளும். அதோடு குட்டியின் வேலை முடிந்தது; நிறுத்திவிடலாம்.

நிறுத்துவதில்தான் ஒரு சங்கதி இருந்தது. சுவிட்ச் உண்டு, ஆனால் சுவிட்சைத் தட்டி நிறுத்தக் கூடாது. பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, உள்ளே மிச்சமிருக்கும் பெட்ரோல் எரிந்து தீர்ந்து, குட்டி தானாக இருமி அடங்கும் வரை நிற்க வேண்டும். எங்கள் குட்டியின் கார்புரேட்டரில் பெட்ரோலைத் தடுக்கிற ஊசி தேய்ந்து போயிருந்தது. குழாய் திறந்தே கிடந்தால் பெட்ரோல் சொட்டுச் சொட்டாக இறங்கி எஞ்சின் எண்ணெயில் கலந்துவிடும். எண்ணெய் தண்ணீராகிவிட்டால் பேரிங் தாங்காது. அந்த ஊசியை எப்போதோ மாற்றியிருக்க வேண்டியவன் நான். சாமான் கிடைக்கவில்லை என்று நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன்.

குழாயை மூடிக் குட்டி அடங்க இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

வண்டி ஓட்டுகிறவன் பெயர் சூசை. என் வயதுதான். தஞ்சோங் பகாரில் துறைமுகத் தொழிலாளர்களின் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவன். கழுத்தில் எப்போதும் ஒரு மாதா பதக்கம் எண்ணெய்ப் பிசுக்கோடு தொங்கும். கம்பெனி விதிப்படி வண்டியின் பொறுப்பு முழுவதும் ஓட்டுகிறவனுடையது. குழாயை மூடுவதும் சேர்த்துத்தான். ஆனால் எங்களுக்குள் வேறு ஏற்பாடு. கயிறு அவன் இழுப்பான், குழாயை நான் மூடுவேன். மூடியதும் இருக்கையிலிருந்து இறங்கி வந்து என் பக்கத்தில் நிற்பான். ஒரே டின்னிலிருந்து மாற்றி மாற்றிக் கோப்பி குடிப்போம். பெரிய எஞ்சினின் இரைச்சலில் பேச வேண்டுமென்றால் காதோடு காதாகத்தான் பேச வேண்டும். அதனாலோ என்னவோ, வேறு எங்கும் சொல்லாததையெல்லாம் அங்கே சொல்லிக்கொண்டோம். அப்பா குடித்துவிட்டு வந்தது, தங்கச்சி பரீட்சையில் தேறியது, இரவு தூக்கம் வராதது. குட்டி இருமி அடங்கியதும் அவன் ஏறிப் போய்விடுவான். பேச்சு பாதியில் நின்றால் மிச்சம் மறுநாள்தான்.

நான் ஃபேரர் பார்க்கில் பெண் பார்க்கப் போன சனிக்கிழமையும் அப்படித்தான் தொடங்கியது. சாயங்காலம் பெண் பார்க்கிற நிகழ்ச்சி. அதற்குக் காலையிலேயே கிளம்ப, எங்களை மேய்க்கிற மேற்பார்வையாளரான மண்டோரிடம் அனுமதி வாங்கியிருந்தேன். முடி வெட்ட வேண்டும், கை நகத்தில் ஏறிய கறுப்பைத் தேய்த்து எடுக்க வேண்டும். வேலைச் சட்டைக்குள்ளே புதுச் சட்டையை வேறு போட்டுக்கொண்டு வந்திருந்தேன். எவ்வளவு அவசரம் பாருங்கள்.

"என்ன மெக்கானிக்கு, பொண்ணு பாக்கப் போறியா, இல்ல பொண்ணு ஒன்னப் பாக்க வருதா?" என்று மேலேயிருந்து கத்தினான் சூசை.

பெரியது எழுந்துகொண்டது. எனக்கு இரண்டு நிமிடம் நிற்கப் பொறுமை இல்லை. சுவிட்சைத் தட்டினேன். குட்டி சட்டென்று நின்றது. "வர்றேன்டா" என்று கையை ஆட்டிவிட்டு ஓடினேன். குழாயைப் பற்றிய நினைப்பே வரவில்லை.

ஞாயிறு விடுமுறை. திங்களும் அந்த வாரம் விடுமுறை. செவ்வாய்க்கிழமை காலை, சூசை கயிற்றைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே சட்டைப் பையிலிருந்து பெண்ணின் படத்தை எடுத்துக் காட்டினேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டு ஓரத்தைப் பிடித்துப் பார்த்தான்.

"அவங்கப்பா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. வேலை பெர்மனெண்ட்தானே தம்பின்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"ஆமான்னேன். இன்னும் மூணு மாசம் இருக்கு."

"மூணு மாசம்லாம் ஓடிடும் லா" என்று சிரித்துக்கொண்டே கயிற்றை இழுத்தான்.

குட்டி கிளம்பியது. லீவரைத் தள்ளிப் பெரியதைச் சுற்றவிட்டதும், உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் ஒரு சத்தம். நான் கையை நீட்டுவதற்குள் குட்டி இறுகி நின்றுவிட்டது. சத்தம் கேட்டு மண்டோர் வந்தார். சீனர், எங்களோடு மலாயில்தான் பேசுவார். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவி மூக்கருகே கொண்டு போனார். பெட்ரோல் வாடை எனக்கே அடித்தது. அப்போதுதான் குழாயைப் பார்த்தேன். சனிக்கிழமை நான் விட்டுப் போனபடியே திறந்து கிடந்தது.

"சியாப்பா லுப்பா?" என்றார் மண்டோர். யார் மறந்தது?

சூசை என்னைப் பார்த்தான். முகத்தை அல்ல, படம் இருந்த சட்டைப் பையை. பிறகு அவர் பக்கம் திரும்பி, "சாயா லுப்பா" என்றான். நான்தான் மறந்தேன்.

அவ்வளவுதான். நான் வாயைத் திறக்கவில்லை. ஊர் உலகத்துக் கதையெல்லாம் இரண்டு நிமிடத்தில் பேசி முடிக்கிறவன், அன்று ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று மத்தியானமே சூசையை வண்டியிலிருந்து இறக்கி, கல் அரைக்கும் இயந்திரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை தூசியில் நிற்கிற வேலை. என்னிடம் குட்டியைக் கழற்றிச் சரிசெய்யச் சொன்னார்கள். தனியாளாகக் கழற்றினேன். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரை வடித்து, புகைக் குழாயைப் பிரித்து, பெட்ரோல் குழாயையும் லீவர் கம்பிகளையும் எடுத்து, போல்ட்டுகளை இடம் மாறாமல் பால் டின்களில் தனித்தனியாகப் போட்டேன். இரண்டு ஆள் கனம் இருக்கும் அந்த எஞ்சின். செயின் பிளாக்கில் மாட்டித் தூக்கும்போது ஒருவன் சங்கிலியை இழுக்க வேண்டும், ஒருவன் எஞ்சின் ஆடாமல் பிடிக்க வேண்டும். இழுப்பது எப்போதும் சூசை. அன்று இரண்டையும் நானே செய்தேன். எஞ்சின் சுழன்று வந்து என் முழங்காலில் மோதியது. இன்றும் படியிறங்கினால் அந்த இடம் வலிக்கிறது.

அடித்தட்டைக் கழற்றினால் எண்ணெயோடு ஈயப்பொடி மினுமினுத்தது. பேரிங் தேய்ந்து, ஷாஃப்டில் கோடு கோடாக வரி விழுந்திருந்தது. ஷாஃப்டை ஜாலான் புசாரில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்து வழவழப்பாக்கி, புது பேரிங் போட்டேன். ஊசியையும் மாற்றினேன். இத்தனை நாளாகக் கிடைக்காத ஊசி, தேடிப் போனதும் இரண்டாவது கடையிலேயே கிடைத்தது. வேலை முழுக்க எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்: எஞ்சின் ஓடட்டும், மண்டோர் மனம் குளிர்ந்திருக்கும்போது உண்மையைச் சொல்லிவிடலாம். கோழைகளுக்கு எப்போதும் நல்ல நேரம் நாளைக்குத்தான் இருக்கிறது.

இரண்டு வாரம் கழித்துக் குட்டியைத் திரும்ப ஏற்றி மாட்டினேன். ஓட்டிப் பார்க்கிற அன்று தேநீர் இடைவேளையில் சூசை வந்தான். தலை, புருவம், இமையெல்லாம் கல்தூசி. ஒன்றும் கேட்காமல் கயிற்றை எடுத்துச் சுற்றி இழுத்தான். முதல் இழுப்பிலேயே கிளம்பியது. பெரியதும் எழுந்தது. நான் குழாயை மூடினேன். அவன் பழையபடி என் பக்கத்தில் வந்து நின்றான். அவனிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நேரம் இருந்தது.

"சூசை" என்றேன் அவன் காதோடு.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. தேதி குறிச்சாச்சு."

"நல்லது லா."

குட்டி இருமியது; இன்னொரு முறை இருமி அடங்கியது. "நல்லாப் பண்ணியிருக்க மெக்கானிக்கு" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனான். தோளில் அவன் கை பதிந்த இடம் வெள்ளையாக இருந்தது. வண்டியை வேறு ஆளுக்குக் கொடுத்தார்கள். எனக்கு வேலை நிரந்தரமானது. கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு தஞ்சோங் பகாருக்குப் போனேன். அங்கே வேறு குடும்பம் இருந்தது. புருணைக்கு வேலைக்குப் போய்விட்டான் என்றார்கள். வீட்டாரும் இடம் மாறிவிட்டார்கள், எங்கே என்று தெரியவில்லை. பத்திரிகையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினேன்.

முப்பது வருடம் கழித்து ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கமலாவிடம், அந்தப் படத்தில் இருந்த என் மனைவியிடம், எல்லாவற்றையும் சொன்னேன்.

"அன்னிக்கே சொல்லி வேலை போயிருந்தா எங்கப்பா வேணாம்னுதான் சொல்லியிருப்பாரு" என்றாள். "ஆனா நான் விட்டிருக்க மாட்டேன். என்னைய நீங்க கேக்கவே இல்லையே."

அவளும் போய் மூன்று வருடமாகிறது. குவாரியின் பள்ளம் இப்போது குளம். கல்யாண ஜோடிகள் அதன் முன்னே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். வண்டி எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போனதோ. இப்போது என்னோடு தினமும் பேசுவது லிஃப்டில் மாடி எண்ணைச் சொல்கிற பெண் குரல்தான். பதில் சொன்னால் அவளுக்குக் கேட்காது.

ஒரு பழக்கம் மட்டும் மிச்சமிருந்தது. காலையில் கோப்பிக்குத் தண்ணீர் கொதித்ததும் அடுப்பின் குமிழைத் திருக மாட்டேன். கேஸ் சிலிண்டரைத்தான் மூடுவேன். குழாயில் மிச்சமிருப்பது எரிந்து, நீலச் சுடர் சிறுத்து, தானாக அணையும். ரொம்ப நேரமில்லை, சில விநாடிதான். அதற்குள், "சூசை, குழாய மூடாதது நான்தான்" என்று சொல்லிப் பார்ப்பேன். அவனுக்குத் தெரிந்த விஷயம்தான். இருந்தாலும் என் வாயால் சொல்ல வேண்டுமில்லையா? சுடர் அணைவதற்குள் சொல்லி முடித்துவிட முடியும்.

கேஸைத் திறந்துவிட்டு மறந்துவிடுவேன் என்று மகளுக்குப் பயம். போன மாதம் சிலிண்டரை எடுத்துப் போகச் சொல்லிவிட்டு மின்சார அடுப்பு வாங்கி வைத்தாள். "நீங்க மறந்தாலும் அதுவே நின்னுடும்ப்பா" என்றாள். நல்ல அடுப்புதான். விரலால் தொட்டால் அந்த நொடியே நின்றுவிடுகிறது. சூசை என்று கூப்பிடுவதற்குக்கூட நேரம் தருவதில்லை.