கண்டி டீச்சர் நடத்திய பாலஸ்தீனப் பாடம்

கரும்பலகையில் புது டீச்சர் வரைந்த பாலஸ்தீன வரைபடம் கொஞ்சம் கோணலாக இருந்தது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்த எனக்கு அதில் ஓர் அற்ப சந்தோஷம். குன்னூரை அடுத்த எங்கள் பள்ளியில் பத்து வருஷமாக வரலாறு நடத்தியவள் நான். அவரோ இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தோட்டக் குடும்பத்துப் பெண். பள்ளிக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் பிள்ளைகளுக்கு அவர் ‘கண்டி டீச்சர்’ ஆகிவிட்டார். எனக்கு யாரும் செல்லப் பெயர் வைத்ததில்லை.

முதல் உலகப் போரின்போது வெள்ளைக்காரர்கள் அரபுகளுக்குச் சுதந்திரம் தருவதாகச் சொன்னதையும், யூதர்களுக்கு அங்கேயே ஒரு தாயகம் அமைய உதவுவதாகச் சொன்னதையும் நானும் வருஷாவருஷம் நடத்தியவள்தான். என்னிடம் கொட்டாவி விட்ட பிள்ளைகள் அவர் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஐரோப்பாவில் கொத்துக்கொத்தாகக் கொல்லப்பட்டு, மிஞ்சி வந்த யூதர்களைப் பற்றிச் சொன்னார். இஸ்ரேல் பிறந்தபோது மூண்ட போரில் வீடு வாசலை இழந்து கூடாரங்களுக்குப் போன பாலஸ்தீனர்களைப் பற்றியும் சொன்னார். இரண்டையும் சொல்லும்போது அவர் கண்ணில் நீர் வழிந்தது.

“அப்போ யாரு பக்கமுங்க டீச்சர் நியாயம்?” என்று ஒரு பெண் கேட்டாள்.

“எங்களைத் தேயிலைக்குக் கூட்டிட்டுப் போனதும் வெள்ளைக்காரன்தான் பிள்ளை. அவன் போன பிறகு அங்க உள்ளவங்க போகச் சொன்னாங்க. இங்க வந்தா, ஏன் வந்தீங்கன்னு கேக்குறாங்க. தப்பி வந்தவங்க பயமும் எனக்குத் தெரியும், துரத்தப்பட்டவங்க வலியும் தெரியும். ஒண்ணைச் சொல்லி மத்ததை அழிக்க மனசு வரல்ல.”

வயிறு எரிந்தது. நேராகத் தலைமையாசிரியரிடம் போனேன். “ஏனுங்க சார், பாடத்தை உட்டுப்போட்டு ஊட்டுக் கதை பேசறாங்க. போர்ஷன் எப்ப முடியறது?”

மறுவாரமே அந்த வகுப்பு எனக்கு வந்தது. அவருக்கு ஆறாம் வகுப்புத் தையல். அவர் சண்டைக்கு வரவில்லை. தன் குறிப்பு நோட்டை என்னிடம் கொடுத்து, “நிறையக் கேள்வி கேப்பாங்க, பொறுமையா சொல்லுங்க” என்றார். அந்தப் பெருந்தன்மையைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை. ஆனாலும் மிச்சப் பாடத்தையும், பிறகு வந்த வகுப்புகளுக்கும் அந்த நோட்டைப் பார்த்துத்தான் நடத்தினேன். அவர் சொன்ன பதிலையும் சேர்த்துக்கொண்டேன். ‘எங்களை’ என்ற இடத்தில் மட்டும் ‘அவர்களை’ என்று மாற்றினேன். அடுத்த வருஷம் அவர் வேறு பள்ளிக்குப் போய்விட்டார். எங்கே என்று நான் விசாரிக்கவில்லை.

போன மாதம் ஊட்டி பஸ் ஸ்டாண்டில் அந்த வகுப்பில் படித்த, இப்போது நரை விழுந்த ஒரு மாணவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “டிவியில காஸாவைப் பாக்கறப்பெல்லாம் உங்க நெனப்புதானுங்க டீச்சர். ரெண்டு சனத்தோட கதையையும் அழுதுட்டே சொன்னீங்களே!”

எந்த வகுப்பிலும் நான் அழுததில்லை.

“ஆமாம்மா” என்றேன்.