சுண்ணாம்பு வெந்த இடம்

பேசும்போது வாயைக் கையால் மூடிக்கொள்ளும் பழக்கம் எனக்குச் சின்ன வயதிலேயே வந்துவிட்டது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படித்தேன். வாத்தியார் கேட்டால் பதில் தெரிந்தாலும் கைக்குப் பின்னால் இருந்துதான் சொல்லுவேன். கல்யாணம் முடித்து இந்த ரப்பர் தோட்டத்துக்கு வந்த பிறகு கைக்குப் பதில் முந்தானை. சிரித்தால் முந்தானை, கொட்டாவி விட்டால் முந்தானை, வெத்திலை மென்றால் கேட்கவே வேண்டாம். என் வாய்க்குள்ளே என்ன இருக்கிறது என்று என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. அதுதான் என்னைக் கொல்லப் பார்த்தது.

எங்கள் தோட்டம் இலங்கையில், தெரணியகலைக்கு மேலே. தோட்டங்களைக் கம்பெனிகள் எடுத்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த நேரம். நானும் என் வீட்டுக்காரரும் பால் வெட்டுகிறவர்கள். விடியும்போதே மலைக்கு ஏறி, மரத்துக்கு மரம் பட்டையைச் சீவி, சிரட்டையை நிமிர்த்தி வைத்துக்கொண்டே போக வேண்டும். வெறும் வயிற்றோடு செய்கிற வேலை. பசியை அடக்குவது வெத்திலைதான். சுண்ணாம்பு டப்பா எப்போதும் இடுப்பில் இருக்கும். அட்டை ஏறாமல் இருக்கக் காலுக்குப் பூசுவதும் அதுதான், வெத்திலைக்குத் தடவுவதும் அதுதான். பாக்கும் பொயிலையும் சேர்த்து இடது கன்னத்தில் ஒதுக்கினால், பாலைச் சேர்த்தெடுக்கப் போகும் வரைக்கும் அங்கேயே ஊறிக்கொண்டிருக்கும்.

அந்த இடத்தில் ஒருநாள் நாக்குக்குச் சொரசொரப்பாக ஏதோ தட்டுப்பட்டது. கண்ணாடியில் பார்த்தேன். வெள்ளையாக ஒரு திட்டு. லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராவில் இருந்தவளை நான் மதினி என்று கூப்பிடுவேன். வீட்டுக்காரருக்குத் தங்கச்சி முறை. அவளிடம் மட்டும் சொன்னேன். சுண்ணாம்பு வெந்திருக்கிறது, தேங்காய் எண்ணெய் தடவு, வெத்திலையை மற்றப் பக்கம் ஒதுக்கு என்றாள். எங்கள் லயத்தில் அது வராத ஆளில்லை. வாய் வெந்தால் நாங்கள் வெத்திலையை விடுவதில்லை, கன்னத்தை மாற்றுவோம். நானும் மாற்றினேன்.

அது ஆறவில்லை. ஆனால் வலிக்கவும் இல்லை. மிளகாய் இடித்த கட்டச் சம்பல் பட்டால் மட்டும் நெருப்பு வைத்த மாதிரி எரியும். அதனால் ரொட்டியைச் சம்பலோடு சாப்பிடுவதை விட்டுவிட்டுத் தேத்தண்ணியில் நனைத்துச் சாப்பிட்டேன். இப்படியே பல மாதம் போனது. பிறகு அந்தப் பக்கத்துக் கடைவாய்ப் பல் ஒன்று ஆட ஆரம்பித்தது. பல்லைப் பிடுங்க வேண்டும் என்றுதான் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். போகிற வழியெல்லாம் வீட்டுக்காரர் கேலி பண்ணிக்கொண்டு வந்தார்.

"பல்லு டொக்டர்கிட்டயாவது வாயைத் தொற புள்ள. கட்டிக்கிட்ட நாள்லேருந்து நான் பாத்ததில்ல. அந்தம்மாவாவது பாக்கட்டும்."

டொக்டர் ஒரு சிங்களப் பொம்பிளைப் பிள்ளை. "கட்ட அரின்ன அம்மே" என்றார், வாயைத் திறங்க அம்மா என்று. பாதி திறந்தேன். கை தானாக மேலே வந்துவிட்டது. அவர் திட்டவில்லை. என் கையைப் பிடித்து மடியில் வைத்து, அது மறுபடி எழும்பாமல் தன் கையை அதன்மேல் வைத்துக்கொண்டு பார்த்தார். பல்லை அவர் மறந்தே போனார். கன்னத்துக்குள்ளே விரலால் அமுக்கினார். தாடைக்குக் கீழே, கழுத்தின் இரண்டு பக்கமும் ரொம்ப நேரம் தடவித் தடவிப் பார்த்தார். சுண்ணாம்பு வெந்தது என்று சொன்னேன். இது சுண்ணாம்பு இல்லை என்று சொல்லி, துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்.

பதில் வந்த நாள் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னார். பிலிகா. புற்றுநோய்க்கான அந்தச் சிங்களச் சொல் எங்களுக்கும் தெரியும். கீழ் லயத்தில் ஒருவர் அதில்தான் போனார். பெரிய ஆஸ்பத்திரியில் கழுத்தை வெட்டினார்கள், வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில் செத்துப்போனார். அவரைக் கத்திதான் கொன்றது என்று தோட்டமே பேசியது. மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"கத்தி வைக்க மட்டும் விட்டுறாத மதினி. கத்தி பட்டா ஒடம்பெல்லாம் ஓடிரும். கொடகவெல பக்கம் ஒரு வைத்தியர் வேரு அரைச்சுக் கட்டுறாராம், அங்க போங்க."

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஆப்பரேஷன் வேண்டாம் என்று சொல்லத்தான் மறுபடி டொக்டரிடம் போனோம். அவர் பொறுமையாகச் சொன்னார். கீழ் லயத்துக்காரர் வரும்போதே வாய் திறக்க முடியாமல், கழுத்தில் தேசிக்காய் அளவு கட்டியோடுதான் வந்தாராம். உங்களுக்கு இன்னும் கழுத்துக்கு இறங்கவில்லை, சின்னதாக இருக்கிறபோதே வந்திருக்கிறீர்கள், பிழைக்கிற பக்கம்தான் அதிகம் என்றார். மிச்சம் உங்கள் கையில்தான் இருக்கிறது, வைத்தியத்தைப் பாதியில் விடக்கூடாது, வெத்திலையை இனித் தொடவே கூடாது, கூப்பிட்ட நாளெல்லாம் வந்து காட்ட வேண்டும் என்றும் சொன்னார்.

திரும்பி மேட்டில் ஏறும்போது வீட்டுக்காரர் முன்னால் நடந்தார். எங்கள் மலை வந்ததும் ஒரு மரத்தடியில் நின்றார். அந்த மரத்தில் முந்தின மழைக்குப் பட்டை அழுகி, அவரே சீவித் தார் பூசியிருந்தார்.

"அழுகல் கண்டா என்னா செய்றோம்? சுத்தி நல்ல பட்டையையும் சேத்துச் சீவி எடுத்துட்டுத் தாரு பூசுறோம். விட்டா மரம் போயிரும். கத்தி பட்டதால எந்த மரம் புள்ள செத்துச்சு?"

நான் அந்த மரத்தைப் பார்த்தேன். தாருக்குக் கீழே புதுப் பட்டை வந்திருந்தது. போவோம் என்றேன்.

அன்றைக்கே எங்கள் இரண்டு பேருடைய வெத்திலைப் பைகளையும் அவர் அடுப்பில் போட்டார். நீங்கள் ஏன் விட வேண்டும் என்று கேட்டதற்கு, பக்கத்தில் ஒருத்தன் மென்றால் உனக்கு எச்சில் ஊறும் என்றார். பாக்குவெட்டியை மட்டும் எரிக்க முடியாது. அதை மதினிக்குக் கொடுத்தார். அவள் சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள்.

கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷன் நடந்தது. கன்னத்துக்குள்ளே வெட்டி, பற்களும் கொஞ்சம் எடுத்து, தொடைத் தோலை வைத்துத் தைத்தார்கள். மூக்கில் குழாய் போட்டு அதில்தான் சாப்பாடு. அது பெரிய கஷ்டமில்லை. பிறகு கரண்டு பிடிக்க ஆரம்பித்தார்கள். நோய்க்குக் கதிர் வைப்பதைத்தான் வார்டில் எல்லாரும் அப்படிச் சொல்வார்கள். போகப்போக வாயெல்லாம் தோல் உரிந்து, தண்ணீர் விழுங்குவதும் கண்ணாடித் தூளை விழுங்குகிற மாதிரி ஆனது. சில பேர் பாதியில் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஒரு காலையில் நானும் உடுப்பை மடித்துப் பையில் வைத்தேன்.

அடுத்த கட்டிலில் வரக்காப்பொலயிலிருந்து வந்த ஒரு சிங்கள அக்கா இருந்தாள். எனக்கு வந்த அதே நோய், அதே வெத்திலை. அவள் எழும்பி வந்து என் பைமேலேயே உட்கார்ந்துவிட்டாள். சிங்களத்தில்தான் சொன்னாள்: "நீ போனா நானும் போயிருவேன். அப்புறம் ரெண்டு சாவுக்கும் நீதான் பொறுப்பு, தெரிஞ்சுக்கோ."

அவள் கனத்த பொம்பிளை. பையை இழுக்க முடியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்து, சிரித்தால் வாய் வலித்து, கண்ணீர் வந்துவிட்டது. நான் போகவில்லை. அவள் ஒரு வாய் கஞ்சி விழுங்கினால் நான் ஒரு வாய் விழுங்க வேண்டும் என்று பந்தயம் வைத்துக்கொண்டோம். கடைசி நாள் வரைக்கும் இரண்டு பேரும் கரண்டு பிடித்து முடித்துத்தான் வீட்டுக்கு வந்தோம்.

வீட்டுக்கு வந்தபோது தாடை இறுகிப்போய் விரல் நுழைகிற அளவுக்குத்தான் வாய் திறந்தது. பல்லுக்கு நடுவே மெல்லிய பலகைத் துண்டுகளை வைத்து, ஒவ்வொன்றாகக் கூட்டித் திறந்து பழக வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வீட்டுக்காரர் ரப்பர் மரப் பலகையைப் பால் வெட்டுகிற கத்தியால் வெத்திலைக் காம்பு மாதிரி மெல்லிசாகச் சீவித் தந்தார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துதான் அதை வாயில் வைப்பேன். எத்தனை ஆச்சு என்று முதுகுக்குப் பின்னால் இருந்து கேட்பார். ஒரு துண்டு கூடினால் அன்றைக்கு அவருக்குத் தீபாவளி.

வெத்திலை ஆசை சுலபத்தில் போகவில்லை. கல்யாணத்துக்குச் சொல்ல வருகிறவர்கள் தட்டை நீட்டினால் எடுக்காமல் இருப்பது மரியாதையில்லை. நான் தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிவிட்டு விலகிக்கொள்வேன். முதலில் முகம் சுளித்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். கூப்பிட்ட நாளெல்லாம் பஸ் ஏறிப் போனேன். மண் சரிந்து ரோடு மூடியபோதும் நடந்து போய் அடுத்த டவுனில் ஏறினேன். கிளினிக்கில் வரக்காப்பொல அக்கா எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பாள். வருஷங்கள் போய், இனி வருஷத்துக்கு ஒருக்கா வந்தால் போதும் என்று சொன்ன அன்று, இரண்டு பேரும் ஆஸ்பத்திரி வாசலில் ஐஸ்கிரீம் வாங்கித் தின்றோம். நான் முந்தானையை மறந்துபோனேன்.

சுனாமிக்கு அடுத்த வருஷம் என்று நினைக்கிறேன். அந்தப் பல்லு டொக்டரம்மா எங்கள் தோட்டத்துக்கே வந்தார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் டோர்ச்சோடு நின்று, எல்லாரும் வாயைக் காட்டச் சொன்னார். ஒருத்தரும் முன்னுக்குப் போகவில்லை. பொம்பிளைகள் ஒருத்திக்குப் பின்னால் ஒருத்தி ஒளிந்துகொண்டு சிரித்தார்கள்.

"நம்ம வாயில என்னா பவுனா கெடக்கு, காட்டுறதுக்கு?" என்றாள் மதினி.

அவளுக்கு வாய் ஓயாது. ஆனால் கொஞ்ச நாளாகவே அவள் ரொட்டியைத் தேத்தண்ணியில் நனைத்துச் சாப்பிடுவதை நான் பார்த்திருந்தேன். வெத்திலையும் கன்னம் மாறியிருந்தது. கேட்டால் பேச்சை மாற்றுவாள்.

 நடந்துபோய் டொக்டருக்குப் பக்கத்தில், தோட்டத்து ஆட்கள் எல்லாருக்கும் எதிரே நின்றேன். இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டேன். வாயைத் திறந்தேன், எவ்வளவு திறக்குமோ அவ்வளவும். டொக்டர் டோர்ச்சை அடித்தார். தைத்த இடம், பல் இல்லாத ஈறு, தொடைத் தோல் ஒட்டிய கன்னம் எல்லாம் தெரிந்திருக்கும். சிரிப்பு நின்றுபோனது. கங்காணி கூடத் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"எனக்கும் சுண்ணாம்பு வெந்ததுன்னுதான் இருந்தேன்" என்றேன். "வெள்ளையா இருக்குறப்பவே வந்து காட்டுங்க. நான் உசுரோட நிக்கிறேன், பாருங்க."

ஆம்பிளைகள் பக்கம் இருந்து வீட்டுக்காரர் குரல் வந்தது. "இப்பதான் புள்ள நானும் பாக்குறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடேயே மதினியின் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். ஸ்டூலில் உட்கார்ந்ததும் அவள் கை வாய்க்கு எழும்பியது. நான் அதைப் பிடித்து மடியில் அமுக்கி வைத்துக்கொண்டேன். சோதித்ததில் அவளுக்கு வெறும் வெள்ளைத் திட்டுதான், நோயாக மாறியிருக்கவில்லை. வெத்திலையை விட்டுவிட்டு, நான் போன மாதிரியே கூப்பிட்ட நாளெல்லாம் போய்க் காட்டினாள். அவளுக்குப் பின்னால் அன்றைக்கு வரிசை நின்றது. மலைக்கு ஏறும்போது வெயில் வந்துவிட்டது, ஆனாலும் யாரும் திட்டவில்லை.

மறுநாள் மதினி எங்கள் காம்பராவுக்கு வந்து வீட்டுக்காரர் கையில் ஒன்றைக் கொடுத்தாள். "ஒங்க பாக்குவெட்டிய நீங்களே வச்சுக்குங்கண்ணே."

இப்போது அதில் கித்துல் பனைக் கருப்பட்டி வெட்டுகிறேன். கரண்டு பிடித்ததால் வாயில் எச்சில் குறைவு, அது கரைய நேரமாகும். அவசரமில்லை. பால் விடாத சாயத் தேத்தண்ணியை ஒரு மடக்குக் குடித்து, கருப்பட்டித் துண்டை இடது கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.