ஊசி குத்தும்போது ஒரு கேள்வி

பாப்பிரெட்டிப்பட்டி லேபில் ரத்தம் எடுக்கிற அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, கனத்த கண்ணாடி. ஊசி குத்தும்போது எல்லோரிடமும், "நேத்து என்ன சாப்டீங்க?" என்று கேட்பார். வலி தெரியாமலிருக்கத்தான்.

நான் போனது மறதிக்காக. மனைவியைச் சந்தையிலேயே விட்டுவிட்டு வண்டியில் தனியாக வீடு வந்து சேர்ந்த வீரன் நான். என் அப்பா கடைசிக் காலத்தில் என்னைப் பார்த்தே யாரென்று கேட்டவர். அடுத்தது என் முறை என்று உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

"களியும் கீரையுங்க. மூணு வருசமா கறி, முட்டை, பால், தயிர் எதையும் தொடறதில்லீங்க" என்றேன், பதக்கத்துக்குக் கழுத்தை நீட்டுகிறவன் போல.

"அத்தனையும் வுட்டுட்டு மறதிங்கறீங்களே! பி12 சத்து அதுலதானுங்க இருக்குது. டாக்டர் சீட்டுல அதைப் பாக்கச் சொல்லி எழுதலைங்களே. இருங்க, டாக்டரைக் கேக்கறேன்."

போனில் கேட்டுவிட்டு அதே ரத்தத்தில் அதையும் பார்த்தார். பாதாளத்தில் கிடந்தது. "இது கொறைஞ்சாலும் மறதி வரும், சரிபண்ணிப் பாக்கலாம்" என்றார் டாக்டர். அப்பாவுக்கும் இதுதானா என்று கேட்டேன். அதை இனிமேல் சொல்ல முடியாது என்றார்.

ஊசி போட்டு, முட்டை தின்று, சில மாதங்களில் தேறினேன். நன்றி சொல்ல லேபுக்குப் போனேன். அந்த அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டு என்னை உற்றுப் பார்த்தார்.

"தப்பா நெனைக்காதீங்க, யாருன்னு தெரியலீங்களே."

எனக்கு அவரைத் தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தில் நன்றியை இரண்டு முறை சொல்லிவிட்டு வந்தேன்.