மாமா பிடிக்காத கெத்த

என் அம்மாவின் தம்பி டென்மார்க்கின் எஸ்பியர்க்கில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை செய்தார். ஐஸில் விறைத்து வரும் மீன்களைக் காலையிலிருந்து பின்னேரம் வரை வெட்டித் துண்டுபோடுவது அவர் வேலை. அவர் கைக்குக் கிடைத்த மீன் எதுவும் ஒருநாளும் துள்ளியதில்லை. உயிருள்ள மீனை அவர் கிட்ட நின்றுகூடப் பார்த்திருக்க மாட்டார்.

எனக்குப் பத்து வயதானபோது மாமாவுக்கு ஸ்கீவ என்ற ஊரில் ஒரு பெண் பேசினார்கள். பெண்ணின் தகப்பனாருக்குத் தூண்டில் என்றால் உயிர். முதன்முதலாகத் தொலைபேசியில் கதைத்தபோதே, "தம்பி மீன் பிடிக்கிறனீங்களோ?" என்று கேட்டுவிட்டார். மீன் வெட்டுகிறேன் என்று மாமா உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால், "ஓம் அங்கிள், பெரிய கெட்டயெல்லாம் பிடிச்சிருக்கிறன்" என்றார். "அப்ப ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வரேக்க உங்கட கையால பிடிச்ச மீனைத்தான் சாப்பிடுவம்" என்று சொல்லிவிட்டு அவர் சந்தோசமாகத் தொலைபேசியை வைத்தார்.

கெத்த என்பது டென்மார்க்கின் குளங்களில் வாழும் மீன். வாத்தின் அலகு போல நீண்ட வாய், அதற்குள் வாள் போலப் பற்கள். மாமாவின் வாயில் அந்தப் பெயர் 'கெட்ட' என்றுதான் வரும்.

சந்திப்பு கிரின்ஸ்டெட்டில் எங்கள் வீட்டில் நடப்பதாக இருந்தது. மாமா முதல்நாளே ஒரு புதுத் தூண்டிலோடு வந்து இறங்கினார். கோடையில் பெரிய கெத்த இரவில்தான் வரும், அதுவும் உயிருள்ள சின்ன மீனை இரையாகக் கொளுவினால்தான் வரும் என்று தொழிற்சாலையில் யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

"கெட்ட மீனைப் பிடிக்க ஏன்ரா இரவில போறாய்? கடையில நல்ல மீன் விக்குதே" என்றார் அம்மா.

"அக்கா, உனக்கு உது விளங்காது."

"எனக்கு விளங்கும். உனக்கு விசர்."

இரை பிடிக்க மாமா என்னையும் அழைத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனார். பாண் துண்டைப் போட்டு, அம்மாவின் அரிதட்டால் நான்தான் மூன்று சின்ன மீன்களை அள்ளினேன். வாளியில் அவை வெள்ளிக் கரண்டிகள் போல மினுங்கின. வீட்டுக்கு வருவதற்குள் அவற்றுக்குப் புட்டு, சம்பல், சொதி என்று சாப்பாட்டுப் பெயர்கள் வைத்துவிட்டேன். சொதிதான் எல்லோரிலும் சின்னவன்.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் குளத்துக்குப் புறப்பட்டோம். மாமாவுக்கு டேனிஷ் அவ்வளவாக ஓடாது என்பதால் அவருக்காகக் கதைக்கும் வேலை எனக்கு. ஆனால் அது ஜூன் மாதம். சூரியன் மறைந்த பிறகும் வெளிச்சம் போக மறுத்தது. "இருட்டட்டும், இருட்டட்டும்" என்று மாமா சொல்லிக்கொண்டே இருந்தார். நாங்கள் கொண்டுபோன ரோல்ஸ் எல்லாம் முடிந்துவிட்டன. நுளம்புகள் எங்களைச் சாப்பிட ஆரம்பித்தன. கடைசியில் ஒருமாதிரி இருண்டது.

மாமா வாளிக்குள் கையை விட்டார். அகப்பட்டது சொதி. வேண்டாம் என்று சொல்ல மனம் வந்தாலும் வாளியை அசையாமல் பிடித்துக்கொண்டேன். மாமாவின் கல்யாணம் அல்லவா! அவர் ஒரு கையில் மீனையும் மறு கையில் தூண்டில் முள்ளையும் பிடித்துக்கொண்டு நின்றார். சொதி வாயைத் திறந்து திறந்து மூடியது. மாமா கண்ணை இறுக்க மூடினார். முள் கிட்டப் போய்த் திரும்பியது. இன்னொருமுறை போய்த் திரும்பியது. பிறகு, "சொறி" என்று மன்னிப்புக் கேட்டார், என்னிடமல்ல, மீனிடம். அதை மெதுவாக வாளிக்குள் விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, உதை ஒருத்தரிட்டையும் சொல்லக்கூடாது."

அந்த நேரம் பார்த்து ஒரு டோர்ச் வெளிச்சம் எங்கள் மேல் விழுந்தது. சீருடை போட்ட உயரமான மனிதர் ஒருவர், மீன்பிடிப் பரிசோதகர். மாமாவின் மீன்பிடி அனுமதி அட்டையைப் பார்த்தார், சரி என்றார். பிறகு வாளியைப் பார்த்தார். உயிருள்ள மீனை இரையாகப் போடுவது இந்த நாட்டில் குற்றம் என்று தெரியுமா என்று கேட்டார். எங்கள் இருவருக்கும் தெரியாது. நான் மொழிபெயர்த்ததும் மாமாவின் முகம் மாவாக வெளுத்தது.

"வளர்க்கிற மீன் எண்டு சொல்லு!"

எனக்கு அது பொய்யாகவே படவில்லை. இவை நாங்கள் வளர்க்கிற மீன்கள், இது புட்டு, இது சம்பல், இந்தச் சின்னது சொதி என்று அறிமுகப்படுத்தினேன். பரிசோதகர் குந்தியிருந்து ஒவ்வொரு பெயரையும் சொல்லிப் பார்த்தார். 'சொதி' மட்டும் அவர் வாயில் சரியாக வந்தது. இந்த இரவில் இவற்றை ஏன் குளத்துக்குக் கூட்டிவந்தீர்கள் என்றார். மாமாவைக் கேட்காமலே, வீட்டில் சூடு அதிகம் என்று நான் பதில் சொன்னேன்.

அவர் டோர்ச்சைத் திருப்பி வெறுமையான முள்ளை நன்றாகப் பார்த்தார். வேறிடத்து மீனை இந்தக் குளத்தில் விடவும் கூடாது, ஆகவே பிள்ளைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கவனமாக வளருங்கள் என்றார். வாளியைத் தானே தூக்கி வந்து எங்கள் காரில் வைத்து, கார் புறப்படும்வரை நின்றார். சட்டத்துக்குப் பயந்த மாமா மூன்று மீன்களையும் எங்கள் குளியல் தொட்டியில் விட்டார். அம்மா அவரைத் திட்டிய திட்டில் பக்கத்து வீட்டு விளக்குகூட எரிந்தது.

மறுநாள் பெண்வீட்டார் வந்தார்கள். ஃபிரீசரில் இருந்த நண்டு கறியாகியிருந்தது. "எங்க தம்பி கெத்த?" என்று தகப்பனார் கேட்டார்.

"கரைக்குக் கிட்ட வந்து நூலை அறுத்துக்கொண்டு போயிட்டுது அங்கிள்" என்று மாமா இரண்டு கைகளையும் முடிந்தமட்டும் விரித்துக் காட்டினார். தகப்பனார் துக்கம் விசாரிப்பவர் போலத் தலையாட்டினார். தனக்கும் எத்தனையோ தரம் அப்படிப் போயிருக்கிறது என்றார். மாமா அந்த ஒரு பதிலிலேயே தேர்ந்த மீன்பிடிகாரர் ஆகிவிட்டார்.

மாமாவுக்குப் பேசிய அக்கா கை கழுவக் குளியலறைக்குப் போனவர் நெடுநேரமாக வரவில்லை. பிறகு கதவு கொஞ்சம் திறந்தது. "குஞ்சு, இஞ்ச ஒருக்கா வாங்கோ."

உள்ளே போனேன். தொட்டியைக் காட்டி, "உதென்ன?" என்றார். நான் முதலில் பெயர்களைச் சொன்னேன். அவர் விடவில்லை. ஆறு, குளம், டோர்ச் என்று எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்துவிட்டது. முழுவதையும் கேட்டுவிட்டு அவர் ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

"முள்ளைக் குத்தினவரோ?"

"இல்லை அக்கா. கண்ணை மூடிக்கொண்டு பாத்தவர், ஏலாமப் போச்சு. பிறகு மீனிட்ட சொறி சொன்னவர்."

அவர் சட்டென்று திரும்பித் துவாயில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்றுதான் நினைத்தேன். மாமாவின் கல்யாணத்தை என் வாயாலேயே குலைத்துவிட்டேன் என்று பயந்து, அவர்கள் போகும்வரை அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டு நின்றேன்.

அன்றிரவே ஸ்கீவவிலிருந்து தொலைபேசி வந்தது. பெண்ணுக்குப் பூரண சம்மதமாம். எல்லாம் தன் நண்டுக்கறியின் வேலை என்று அம்மா சொந்தக்காரர் எல்லோருக்கும் சொன்னார். நானும் அதை அப்படியே நம்பினேன். ஒரு சின்ன மீனுக்குக்கூடப் பயந்த மனிதரை, கறியின் ருசியில் மயங்கி, அந்த அக்கா கட்டச் சம்மதித்துவிட்டாரே என்று எனக்கு அக்காவை நினைக்க மிகவும் பாவமாக இருந்தது.