முப்பத்தெட்டாவது ஆள்

பிராந்திய சுகாதார அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பவளை எல்லோரும் சராசரி அக்கா என்பார்கள். தும்மல் வந்தால்கூட, போன ஐந்து வருஷத் தும்மலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் தும்முவாள் என்று அலுவலகத்தில் பேச்சு. அதில் பாதிதான் பொய்.

அவள் வேலை, குளிர்காலத்து ஃப்ளூ காய்ச்சல் எத்தனை பேரைக் கொண்டுபோனது என்று மதிப்பிடுவது. அந்தக் காய்ச்சல் பலே திருடன். இறப்புச் சான்றிதழில் தன் பெயரை எழுத விடாது. மாரடைப்பு, மூச்சுத்திணறல், முதுமை என்று அடுத்தவன் தலையில் பழியைப் போட்டுவிட்டு நழுவிவிடும். அதனால் சராசரி அக்கா சான்றிதழை நம்புவதில்லை. ஒவ்வொரு ஊரிலும் இந்த வாரம் வழக்கமாக எத்தனை பேர் இறப்பார்கள் என்று கோடு கிழிப்பாள். கோட்டுக்கு மேலே நிற்பதெல்லாம் திருடன் கணக்கு. எந்த ஊரில் அது அதிகமோ, அந்த ஊர்க் கிழவர் கிழவிகளுக்கு அடுத்த பருவத்தில் தடுப்பூசி முதலில் போகும்.

அன்று மூன்று மணிக்கு ஊசியைப் பங்கிடும் கமிட்டி. பதினொரு மணிக்கு மொத்தம் வந்துவிட்டது: நானூற்றுப் பன்னிரண்டு. டைரக்டர் நிம்மதியாக அச்சுக்கு அனுப்பச் சொல்லிவிட்டார். ஊர்வாரிப் பட்டியலைக் கடைசியாக ஒருமுறை பார்த்தவளுக்குக் கை நின்றுவிட்டது. ஆற்றோர ஊருக்கு நேரே மைனஸ் முப்பத்துமூன்று. காய்ச்சல் அங்கே யாரையும் கொல்லவில்லை என்பதோடு, சாக வேண்டிய முப்பத்துமூன்று பேரைப் பிழைக்கவும் வைத்திருக்கிறது. காய்ச்சல் உச்சத்தில் இருந்த மூன்று வாரமும் அங்கே இறப்பு சைபர். ஊசிப் பட்டியலில் அந்த ஊர் கடைசி.

அந்த மூன்று வாரத்தில் ஒரு சனிக்கிழமை அவள் அதே ஊரில்தான் இருந்தாள், சித்தப்பாவின் சாவுக்கு. அவர் காய்ச்சலில் படுத்த அன்று போனில், "சராசரியா ஆறு நாள் சித்தப்பா, சரியாயிடும்" என்று இவள்தான் சொன்னாள். ஏழாம் நாள் போய்விட்டார். சித்தி இன்னும் அங்கேதான் இருக்கிறாள், எழுபத்தாறு வயதில், தனியாக.

ஊர்ப் பதிவு எழுத்தரை போனில் பிடிக்கவே ஒரு மணி ஆகிவிட்டது.

"அண்ணே, மூணு வாரமா உங்க ஊர்ல யாருமே சாகலையா?"

மறுமுனையில் இருமல். "நானே சாகக் கிடந்தேம்மா. காலியா விட்டா கம்ப்யூட்டர் படிவத்தை வாங்க மாட்டேங்குது. படுத்துக்கிட்டே சைபர் போட்டு அனுப்பினேன். எழுந்து வந்து சரி பண்ணலாம்னு..."

"எங்க சித்தப்பாவையும் சேர்த்து சைபர் ஆக்கிட்டீங்க."

எழுத்தர் படுக்கையை விட்டு எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். இறப்புச் சீட்டுகள் கிடந்த மேஜை இழுப்பறையைத் திறக்கும்போது மணி ஒன்றே முக்கால். ஒவ்வொரு சீட்டாக இறந்த தேதி, வயது, காரணம் போனில் படித்தார், நடுநடுவே இருமினார். அவள் ஐந்தைந்து கோடாகப் போட்டுக்கொண்டே வந்தாள். டைரக்டர் இரண்டு தடவை வாசலில் வந்து நின்று கடிகாரத்தைப் பார்த்தார். அச்சான தாளை மாற்றுவதற்கு எழுத்து மூலம் ஆதாரம் வேண்டும் என்றார். சீட்டுகளைப் படம் எடுத்து, கையெழுத்துப் போட்டு அனுப்ப எழுத்தர் ஒப்புக்கொண்டிருப்பதாக, தலையைத் தூக்காமலே சொன்னாள்.

முப்பத்தெட்டாவது சீட்டில் எழுத்தரின் குரல் இறங்கியது. "ஆண். எழுபத்தொன்பது. மாரடைப்பு. இது வந்து... உங்க..."

"ம். அடுத்தது."

கோடு மட்டும் கொஞ்சம் கோணலாக விழுந்தது.

மொத்தம் அறுபத்தொன்று. வழக்கமான முப்பத்துமூன்றைக் கழித்தால் இருபத்தெட்டு. மைனஸ் முப்பத்துமூன்று போய் இருபத்தெட்டு ஏறியதில் பிராந்தியக் கணக்கு நானூற்று எழுபத்துமூன்று. மூன்று மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்க, சூடு ஆறாத புதுத் தாள் டைரக்டர் கைக்குப் போயிற்று. அவர் முகம் சுருங்கியது, ஆனால் எழுத்தரின் கையெழுத்தைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். நாலரைக்கு வந்த ஊசிப் பட்டியலில் ஆற்றோர ஊர் மூன்றாவது இடத்தில் இருந்தது.

சித்திக்கு போன் போட்டு, ஊசி வரும், டிமிக்கி கொடுக்காமல் போட்டுக்கொள்ள வேண்டும் என்று மிரட்டினாள். கணக்கையும் ஒருவழியாகச் சொல்லி முடித்தாள்.

"அப்ப அவரும் உன் கணக்குல வந்துட்டாரா?"

"வந்துட்டார் சித்தி. முப்பத்தெட்டாவது ஆளா."

"முப்பத்தெட்டா?" என்றாள் சித்தி. "எந்த க்யூவிலயும் முண்டியடிச்சு முன்னாடி போய் நிக்கிற மனுஷனாச்சேடி அவரு."